செட்டிநாட்டில் பொதுப் பள்ளியின் கதவு

நாச்சியாபுரம் முதலான நகரத்தார் ஊர்களின் நேரான தெருக்களில் இன்று நடந்து செல்வோர், பர்மாத் தேக்குத் தூண்களையும், கண்ணாடி போல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சையும், வாசலுக்கு இருபுறமும் நீண்டு கிடக்கும் முகப்புத் திண்ணைகளையும் கண்டு வியக்கிறார்களே அன்றி, இத்தகைய திண்ணைகளில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்கள் நடந்தன என்பதை நினைத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. வாத்தியார் ஒருவரை அமர்த்தி, ஊர்ப் பிள்ளைகளை மணல் பரப்பிய தரையில் உட்கார வைத்து, அரிச்சுவடியும் ஆத்திசூடியும் எண்சுவடியும், முந்திரி காணி என்னும் சிற்றிலக்கங்களும், இவற்றுக்கெல்லாம் மேலாக வட்டிக் கணக்கும் பழக்குவித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ கப்பலேறி, பெட்டியடிப் பையனாகத் தொழில் தொடங்க வேண்டிய பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் அலங்காரம் அல்ல, அவையே ஜீவனம். கல்வியின் மதிப்பைக் காசின் மதிப்பைப் போலவே துல்லியமாக அறிந்திருந்த சீமை இது.

ஆகவேதான் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்னும் கேள்வியோடு யார் உட்காரவில்லை என்னும் கேள்வியையும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வீடுகளுக்கு மண் சுமந்தவர்களும், கண்மாய்க் கரையைக் காத்தவர்களும், வயலில் நாற்று நட்டவர்களுமான ஆதிதிராவிட மக்களின் குழந்தைகள் அந்தத் திண்ணையில் ஏற முடியாது. பல ஊர்களில் அந்தத் தெருவிலேயே நடக்க முடியாது. சட்டம் எழுதி இதை விதித்தவர் எவருமில்லை. விதிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வழக்கம் அவ்வளவு உறுதியாக வேரூன்றியிருந்தது.

திண்ணை தனியார் சொத்து. அதன் மீது சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று சொல்லலாம். ஆனால் பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகளின் நிலையும் வேறாக இல்லை. 1856ஆம் ஆண்டில் பம்பாய் ராஜதானியைச் சேர்ந்த தார்வாரில் மகார் குலத்துச் சிறுவன் ஒருவன் சர்க்கார் பள்ளியில் சேர விண்ணப்பித்துக் கொண்டதும், ஒருவனுக்காகப் பலர் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சி அதிகாரிகள் அவனைத் திருப்பி அனுப்பியதும், பிறகு சர்க்கார் செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்று மேலிடத்திலிருந்து கொள்கை அறிவிக்கப்பட்டதும், இந்த நெடிய வழக்கின் முதல் ஏடுகள். கொள்கை காகிதத்தில் இருந்தது. பள்ளி அக்ரகாரத்திலும் கோயில் சாவடியிலும் வாடகை வீட்டிலும் இருந்தது. வீட்டுக்காரர் சம்மதிக்காத வரையில் அந்தக் காகிதத்தால் ஒரு குழந்தைக்கும் பயனில்லை.

சென்னை ராஜதானி சர்க்கார் வேறு வழியில் சென்றது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் ஆதிதிராவிடர் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தின் பயனாக, 1893ஆம் ஆண்டில் பிறந்த உத்தரவு பஞ்சமர் எனப்பட்டோருக்குத் தனிப் பள்ளிகளும் சம்பளச் சலுகைகளும் வகுத்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1896இல், அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில், வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியே வைப்பது சமத்துவத்துக்கு விரோதமாகாது என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமன்று. அங்கே தனிமை இழிவுபடுத்தும் கருவியாக வந்தது. இங்கே, பள்ளியே இல்லாதிருந்த சேரிக்குத் தனிப் பள்ளியாவது வந்தது என்று மக்கள் அதை வரவேற்றார்கள், வரவேற்றது சரியே. எழுத்தறியாத தலைமுறையிலிருந்து எழுத்தறிந்த தலைமுறை ஒன்று அந்தப் பள்ளிகளிலிருந்துதான் எழுந்தது. ஆயினும் பொதுப் பள்ளி மற்றவருக்கே உரியது என்னும் எண்ணத்தையும் அதே உத்தரவு தன்னையறியாமல் ஊர்களில் நிலைநிறுத்திவிட்டது. 1919இல் நடந்த விசாரணையில், ராஜதானியில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளுள் 609 பள்ளிகளிலேயே பஞ்சமப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்று வெளிப்பட்டது. அணுக முடியாத இடத்தில் இருக்கும் பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்ற வேண்டுமென்று அந்த ஆண்டு உத்தரவிட்டார்கள். அது பின்னும் பலமுறை வலியுறுத்தப்பட வேண்டியிருந்தது என்பதே அது எவ்வளவு மந்தமாக நிறைவேறியது என்பதற்குச் சாட்சி.

உள்ளே சேர்ந்துவிட்டவர்களின் மனநிலை எப்படியிருந்தது என்பதற்கு இரட்டைமலை சீனிவாசன் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதிவைத்த செய்தி ஒன்று போதும். கோயம்புத்தூரில் படித்த காலத்தில், நானூறு மாணவர்கள் பயின்ற பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்தால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சி, அவர் அவர்களோடு விளையாடாமல், வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணியடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். பிற்காலத்தில் லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து தம் மக்களுக்காக வாதாடிய ஒருவரின் பால்யம் இது. சட்டம் தடுக்காத இடத்திலும் ஒரு குழந்தை தன்னையே தடுத்துக்கொள்ள நேர்ந்த அந்தத் துன்பத்தை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

அக்காலத்தில் எங்கள் நாச்சியாபுரம் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அந்தப் பெரிய ஜில்லாவின் மறுகோடியில், பின்னாளில் விருதுநகரான விருதுபட்டியில், இதே விலக்கத்தின் வேறொரு வடிவத்தை அனுபவித்த நாடார் சமூகத்தார், மகமையாலும் பிடியரிசியாலும் பொருள் திரட்டி 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவியதும், அதை எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்து வைத்ததும், பின்னர் அங்கே காமராஜர் என்னும் ஒரு பிள்ளை படித்ததும் இந்தக் கதையோடு சேர்ந்தவை.

செட்டிநாடு இந்த வாதத்துக்குள் நேராக இழுக்கப்பட்டது சேரன்மாதேவிக் குருகுலத்தின் மூலமாக. தேசபக்தர் வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய அந்தக் குருகுலம், அந்நியக் கல்வியின் வாடை படாமல் தேசியப் பிள்ளைகளை உருவாக்கும் பெருநோக்கம் கொண்டது. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக வாக்களித்து ஐயாயிரம் கொடுத்தது. மலேயாத் தமிழரும் தனவணிகரும் நன்கொடை நல்கினார்கள். அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவு படைக்கப்படுகிறது என்னும் செய்தி வெளியானபோது நாடு கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம்முடைய 'தமிழ்நாடு' பத்திரிகையில் தீவிரமாக எழுதினார், ஈ. வெ. ராமசாமி நாயக்கர் காங்கிரசுக்குள்ளிருந்து போராடினார். பாரதியாரை ஆதரித்த கானாடுகாத்தான் வை. சு. சண்முகம் செட்டியார் கண்டித்தோர் வரிசையில் நின்றார். 1925ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியடிகள், அவர்களுடைய பெற்றோருக்கு ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டபடியால் அந்த இருவரை மட்டும் விட்டுவிட்டு, இனிமேல் சேர்வோர் அனைவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று யோசனை சொன்னார். அது யாருக்கும் திருப்தியளிக்கவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று மாகாணக் காங்கிரஸ் தீர்மானம் செய்ததும், ராஜாஜி முதலியோர் அதனால் காரியக் கமிட்டியை விட்டு விலகினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் துறந்தார்; அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டிலிருந்து ராமசாமி நாயக்கர் வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே ஒரு பந்தி மாற்றியமைத்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது.

அந்தக் கிளர்ச்சியை நான் மதிக்கிறேன். அதில் எழுந்த குரல் நீதியின் குரல். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். அந்த வாதம் பிராமணப் பிள்ளைக்கும் பிராமணரல்லாத பிள்ளைக்கும் இடையே நடந்தது. சேரிப் பிள்ளை அதன் மையத்தில் இல்லை. இரண்டு சிறுவர் தனியே உண்டதைக் கண்டு கொதித்தெழுந்த கனவான்களில் எத்தனை பேர் தம் ஊருக்குத் திரும்பி வந்து, தம் முகப்புத் திண்ணையில் ஆதிதிராவிடக் குழந்தை ஒன்றை ஏற்றி உட்கார வைத்தார்கள் என்று கேட்டால், விடை வருத்தத்துக்குரியது.

அப்படிச் செய்ய அதிகாரமும் துணிவும் கொண்டிருந்தவர் ஒருவர் அக்காலத்தில் ஜில்லாவின் தலைமையில் இருந்தார். பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ் முதலாளிகளின் அனுமதி பறிக்கப்படும் என்று உத்தரவிட்டார். டிக்கெட்டிலேயே அவர்களுக்கு இடமில்லை என்று அச்சிட்டிருந்த காலம் அது! அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தது 1955இல். இங்கே அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே ஒரு ஜில்லா போர்டு உத்தரவு பஸ்ஸின் கதவைத் திறந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கதவு திறப்பவர் ஒருபுறம் இருக்க, அதை மூட முயன்றோரும் இந்த ஜில்லாவிலேயே இருந்தனர். 1930ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1931ஆம் ஆண்டு ஜூனிலும், இந்தச் சீமைக் கள்ளர் சமூகத்து நாட்டார் ஆதிதிராவிடர் மீது விதித்த கட்டுப்பாடுகளை, அக்காலத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராயிருந்த ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முதற்கட்டளைகள் எட்டு: பொன், வெள்ளி நகை அணியலாகாது; ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டவோ சட்டை போடவோ கிராப்பு வைக்கவோ கூடாது; மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் ஆகாது; பெண்கள் ரவிக்கையும் தாவணியும் அணியக் கூடாது, பூச்சூடவோ மஞ்சள் பூசவோ கூடாது; குடையும் செருப்பும் கூடவே கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, மாடுகள் கவரப்பட்டன. ஆறு மாதம் கழித்து வந்த கட்டளைகள் பதினொன்றாகப் பெருகின. அவற்றுள் ஒன்று, ஆதிதிராவிடரின் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளலாகாது என்பது. மற்றொன்று, அந்தக் குழந்தைகள் மிராசுதாரர்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது.

இதைப் படிக்கும்போது முதலில் கோபம் வருகிறது. அதற்குப் பிறகு ஒரு தெளிவு வருகிறது. எட்டு பதினொன்றானது ஏன்? ஆடையும் நகையும் குடையும் மட்டுமே தடுக்கப்பட்டிருந்த முதற்பட்டியலில் படிப்பு இல்லை. இரண்டாம் பட்டியலில் வந்துவிட்டது. சேரிக் குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள், போனதன் பலன் வயல்வெளியில் தெரியத் தொடங்கியிருந்தது என்பதே அதன் பொருளாக இருக்க முடியும். குத்தகைக்கும் வாரத்துக்கும் நிலம் பயிரிடலாகாது என்ற தடையும் அதே பட்டியலில் இருப்பது, படிப்பும் நிலமும் கூலியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன என்பதைக் காட்டுகிறது. 1934ஆம் ஆண்டு ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாக காந்தியடிகள் தேவகோட்டை, காரைக்குடிப் பகுதிக்கு வந்தபோது இந்தத் தகராறு அவர் முன்னிலையில் வைக்கப்பட்டது. அவர் நாட்டாரிடம் நேரில் பேசினார். இதைச் சொல்லும்போது ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் கருத்தன்று. மதுரைச் சீமையில் அதே பெயர் கொண்ட மக்களைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, சர்க்கார் அவர்களைக் கைரேகைச் சட்டத்தில் வைத்திருந்த காலமும் அதுவே. இழிவு இன்னதென்று அறிந்தவர்களாலும் இழிவைப் பிறர்மேல் சுமத்த முடியும் என்பது மனித சரித்திரத்தின் துக்ககரமான உண்மை.

பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலும் அதே காலத்தில் அதே போராட்டம் நடந்தது. சேர்ந்து உட்காரும் உரிமையைச் சமஆசனம் என்றும், சேர்ந்து உண்ணும் உரிமையைச் சமபோசனம் என்றும் அங்கே அழைத்தார்கள். உதவிப் பணம் பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர வேண்டும் என்று 1930ஐ ஒட்டிக் கல்வி அதிகாரிகள் கட்டளையிட்டபோது, வாலிபர் காங்கிரசார் ஆதரித்தார்கள்; எதிர்த்தவர்கள் பள்ளிக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தார்கள். திருவிதாங்கூரில் அய்யன்காளி பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோதும் அந்தப் பள்ளி எரிக்கப்பட்டது. பள்ளியைச் சாம்பலாக்கினாலும் ஆக்குவோம், பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்னும் பிடிவாதம் எந்த நாட்டுக்கும் தனிச் சொத்தல்ல. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தார், கறுப்புக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டிவரும் என்பதற்காகத் தங்கள் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் 1959 முதல் 1964 வரை இழுத்து மூடி வைத்திருந்தார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை நாம் அமெரிக்கருக்குப் பின்தங்கியவர்களல்லர். எம். சி. ராஜா கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டமும், 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனமும், சர்க்கார் பள்ளியில் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டின. தனிப் பள்ளி சமப் பள்ளியாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்புக் கூறியது 1954ஆம் ஆண்டு மே 17இல்தான். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரத்துப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பு மாணவர்கள் நுழைவதற்கு ஜனாதிபதி ஐசன்ஹோவர் பட்டாளத்தை அனுப்பினார். உலகம் முழுவதும் அந்த ஒன்பது பேரின் படங்களைப் பத்திரிகையில் பார்த்தது. அதே செப்டம்பரில், எங்கள் ஜில்லாவின் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடந்த மறுநாள், 11ஆம் தேதி இரவு, பரமக்குடியில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். சமமாக உட்கார்ந்து பேசினார் என்பதே அவர்மேல் எழுந்த பகையின் சாரம். ஜில்லா பற்றி எரிந்தது.

ஆனால் அந்த ஆண்டுகளில்தான், ஆரவாரமில்லாமல், பெரிய மாற்றமும் நிகழ்ந்தது. விருதுநகர் வித்தியாசாலையில் படித்த காமராஜர் முதன்மந்திரியாகி, கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஏழைக் குழந்தையின் பசி தீர்ப்பது அதன் வெளிப்படையான நோக்கம். அதனுள்ளே அடங்கியிருந்த மற்றொரு காரியம் என் மதிப்பில் இன்னும் பெரிது: சேரன்மாதேவியில் இரண்டு சிறுவர்களை ஒரே பந்தியில் அமர்த்த மகாத்மாவாலும் முடியாமற்போன இடத்தில், ஆயிரக்கணக்கான கிராமப் பள்ளிகளில் லட்சக்கணக்கான குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றை உண்டார்கள். சமபந்தி போஜனம் என்று பெயர் சூட்டாமலே அது நடந்தது.

எல்லா ஊரிலும் எளிதாக நடந்துவிடவில்லை. இன்றும் எங்கும் முற்றுப்பெற்றுவிடவில்லை. 2018இல் அவிநாசிக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் ஆதிதிராவிடப் பெண்மணி ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊரார் சிலர் தடுத்ததும், அதிகாரிகள் அவரை மாற்றிப் பின் எதிர்ப்புக்குப் பணிந்து திரும்பச் சேர்த்ததும் நாடறிந்த செய்தி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளித் தோழர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைத் தந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்க வேண்டும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். 1893இல் போட்ட தனிப் பாதை, அதில் நடந்தவர்களுக்கு வழிகாட்டிய பெருமையோடு, பொதுச் சாலையில் வந்து கலக்க வேண்டிய காலம் இது. தனிப் பள்ளியை நம்பி வாழ்ந்த ஆசிரியர்களின் உரிமையும், அங்கே படிக்கும் பிள்ளைகளின் விடுதியும் உதவித்தொகையும் குறையாமல் பார்த்துக்கொண்டு அந்த இணைப்பைச் செய்வது சர்க்காரின் கடமை.

நம்முடைய கடமை ஒன்றும் இருக்கிறது. லிட்டில் ராக்கின் ஒன்பது மாணவர்களின் பெயரை அமெரிக்கக் குழந்தைகள் பாடத்தில் படிக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் பள்ளிக்கு 1960இல் காவலர் சூழ நடந்து சென்ற ஆறு வயது ரூபி பிரிட்ஜஸின் பெயரை உலகமே அறியும். நாச்சியாபுரத்திலோ, கீழச்சிவல்பட்டியிலோ, கண்டனூரிலோ, தேவகோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலோ பொதுப் பள்ளியின் வாசற்படியை முதன்முதலில் மிதித்த ஆதிதிராவிடச் சிறுவன் யார், சிறுமி யார்? எழுதப் படிக்கக் கூடாதென்ற கட்டளை வழங்கிய காலத்தில் அந்தக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்த தாய் தகப்பன் யார்? சேர்த்துக்கொண்ட ஆசிரியர் யார்? அவர்களுக்குப் பட்டாளம் துணை வரவில்லை. பத்திரிகைக்காரர் படம் எடுக்கவில்லை. அவர்களுடைய வீரம் எந்த நூலிலும் ஏறவில்லை. ஆயினும் தொடக்கப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில், பெயரும் தகப்பன் பெயரும் சாதியும் தேதியும் தனித்தனிப் பத்தியில் எழுதப்பட்டிருக்கும்.

தலைமையாசிரியர்களையும், உள்ளூர்ச் சரித்திரம் எழுதுவோரையும், வீடுகளைப் பாதுகாக்கப் பொருள் செலவிடும் நகரத்தார் பெருமக்களையும் நான் வேண்டிக்கொள்கிறேன்: தூண்களையும் கதவுகளையும் காப்பது போலவே, கறையானுக்கும் மழைக்கும் இரையாவதற்கு முன் இந்தப் பதிவேடுகளையும் காத்துத் தாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் அந்த முதற்பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அந்தக் குடும்பம் சம்மதித்தால், பள்ளியின் ஆண்டு விழாவில் அதை எல்லாக் குழந்தைகளும் கேட்கும்படி படியுங்கள்.